மஸூதா மாமி ஏறிய பஸ்

எனக்குப் பஸ் பயணம் பிடிக்காது. நாலு வருசமாகத் தினமும் காலையில் மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குப் போய், சாயங்காலம் திரும்பி வருகிறேன். பழகிவிட்டதே தவிரப் பிடிக்கவில்லை. யாரோ ஒருவருடைய முழங்கை எப்போதும் என் விலாவில் இருக்கும். பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். இரத்தோட்டையில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. டாக்டர் வருவதற்கு முன்னால் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்பதால் பஸ் பிந்தினால் கோபம் வரும். பிந்தாத நாளிலும் வரும். "ஹம்சிகா மிஸ் சிரிச்சா அன்னைக்கு மழை பெய்யும்" என்று கண்டக்டர் அன்ஸாப் ரூட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். மலைப் பக்கம் எப்படியும் மழை பெய்யும், அதற்கு நான் சிரிக்கத் தேவையில்லை.

இப்படிப்பட்ட நான் ஒரு பஸ்ஸைப் பற்றியும், ஐம்பத்தெட்டு வயது வரை பஸ்ஸே ஏறாத ஒரு மனுசியைப் பற்றியும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மஸூதா மாமி நான் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர். டவுண் முடிந்து இரத்தோட்டை வீதி தொடங்குகிற இடத்தில் அவருடைய வீடு இருக்கிறது. அதன் பக்கத்து அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். நான் எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். மாமியின் ஆட்களோ எத்தனையோ தலைமுறையாக மாத்தளையில் வியாபாரம் செய்கிறவர்கள். பத்தொன்பது வயதில் மிளகு, கிராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரைக் கல்யாணம் கட்டினார். ஹாஜியாரிடம் வேன் இருந்தது. மாமி எங்கே போவதானாலும் அந்த வேனில், அவர் பக்கத்தில். கண்டிக்குப் போனாலும் வேன், அடுத்த தெரு ஆஸ்பத்திரிக்கும் வேன். பஸ்ஸில் பொம்பளைகள் இடிபடக் கூடாது என்பது ஹாஜியாரின் கட்டளை. மாமி அதை மறுத்துப் பேசியதும் இல்லை, பஸ்ஸுக்கு ஆசைப்பட்டதும் இல்லை.

நல்ல வாயாடி. தான் சொல்கிற பகிடிக்குத் தானே முதலில் சிரிப்பார். சீனி வருத்தம் இருக்கிறது. நான் அறையில் இல்லாத நேரம் பார்த்துத் தேநீரில் இரண்டு கரண்டி சீனி போடுவார், கேட்டால் கரண்டி சின்னது என்பார். முழங்கால் வலி வேறு. என்னைப் "புள்ள" என்றுதான் கூப்பிடுவார். எனக்கு யார் அப்படிக் கூப்பிட்டாலும் எரிச்சல் வரும், அவர் கூப்பிட்டால் வராது.

பஸ் எப்படி அந்த வீட்டு வாசலுக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்களுக்குச் சுவர்ப் பித்துப் பிடித்திருந்தது. ஒரு வெள்ளைச் சுவர் கண்ணில் பட்டால் போதும், பெயின்ட் வாளியோடு வந்துவிடுவார்கள். மாத்தளையிலும் ராஜாக்கள் குதிரை ஏறினார்கள், யானைகள் தும்பிக்கை தூக்கின. ஹாஜியார் வீட்டு மதில் வீதியோரம் நீளமாகக் கிடந்தது. பிள்ளைகள் வந்து கேட்டார்கள். ஹாஜியார் தாடியைத் தடவித் தடவி யோசித்து, ஒரு நிபந்தனையோடு சரி சொன்னாராம்: உயிருள்ள எதையும் படமாகக் கீறக் கூடாது. மனுசன் கூடாது, மிருகம் கூடாது, குருவிகூடக் கூடாது. மரம் செடி பரவாயில்லை.

பிள்ளைகள் மதிலடியில் குந்தி இருந்து மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ரிவர்ஸ்டன் மலைப் பாதையைக் கீறினார்கள். பாதை, பனி, தேயிலை, அதில் வருகிற ஒரு சிவப்பு பஸ். பஸ் ஏறக்குறைய நிஜ அளவு. ஹாஜியாரின் நிபந்தனைப்படி உள்ளே டிரைவர் இல்லை, கண்டக்டர் இல்லை, ஒரு பிரயாணி இல்லை. தோட்டத்திலிருந்து டவுணுக்கு வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். டிரைவர் இல்லாமல் பஸ் ஓடுவது அவர்களுக்கு ஆச்சரியமாகப் படவில்லை. இரத்தோட்டை ரூட்டில் அத்தனை சீட்டும் காலியாக ஒரு பஸ்ஸை அவர்கள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

எனக்குச் சித்திரம் பற்றி ஒன்றும் தெரியாது. ராஜாவும் யானையும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். இந்தப் பஸ்ஸை அப்படிப் பார்த்துவிட்டுப் போக முடியவில்லை, ஏனென்றால் ஆட்கள் அதற்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆரம்பித்து வைத்தவர் நாகமுத்து என்கிற ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி. கண்புரைக்கு மருந்து எடுக்க டவுணுக்கு வந்தவர், தூறல் நேரத்தில் வீதியோரமாக நடந்து போகும்போது ஒரு சிவப்பு பஸ் நிற்பதைக் கண்டார். டிரைவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்து நின்றுவிட்டார். அவர் கதவைத் தட்டினாராம் என்பது அன்ஸாப் போட்ட மசாலா, நான் நம்புவதில்லை. நிற்பவரைப் பார்த்து இன்னொருவர் நின்றார். நம் ஆட்களிடம் ஒரு குணம் இருக்கிறது: மூன்று பேர் ஓரிடத்தில் நின்றால் நாலாவது ஆள் எதற்கென்று கேட்காமல் வரிசையில் சேர்ந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். அந்த வழியாக நிஜ பஸ்ஸை ஓட்டி வந்த பலீல் நானா, பஸ் ஹோல்ட்டை இங்கே மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து பிரேக் போட்டார். அடுத்த நாளும் ஆட்கள் நின்றார்கள், பஸ்ஸும் நின்றது. போர்டு கிடையாது, கொட்டகை கிடையாது, எந்த அரசாங்கக் கந்தோரிலும் பதிவு கிடையாது. ஆனால் இன்று வரை இரத்தோட்டை பஸ் எல்லாம் அங்கே நிற்கிறது.

ஹாஜியாருக்கு ஒரு கிழமை கோபம். மாமிக்கோ பெருநாள் வந்த மாதிரி. வாசலுக்கு வெளியே ஒரு வாங்கு போட்டுவிட்டார், வயதானவர்கள் உட்காரட்டும் என்று. பிறகு அவரே போய் அதில் உட்காரத் தொடங்கினார். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு, எது ரிவர்ஸ்டன் வரை போகும், எது இரத்தோட்டையோடு நின்றுவிடும், எந்த டிரைவர் பிந்துவார் எல்லாம் பாடம். ஸ்டாண்டில் இருக்கிற டைம் கீப்பரைவிட மாமி சொல்வதை ஆட்கள் நம்பினார்கள். மதிலில் டியூஷன் போஸ்டர் ஒட்டினால் சுடுதண்ணீர் கொண்டுபோய் ஊறவைத்துச் சுரண்டி எடுப்பார். இத்தனையும் ஒரு நாளும் பஸ்ஸில் கால் வைக்காமல். கரையில் நின்றே நீச்சல் சொல்லிக் கொடுக்கிறார் என்று நான் கேலி செய்வேன்.

அந்தப் பஸ்கள் போகிற வழியில்தான் அவருடைய ஒரே மகள் ஜஸ்லாவின் வீடு இருந்தது. இரத்தோட்டைக்கு ஒரு மைல் இப்பால், வீதியைப் பார்த்த வீடு.

ஜஸ்லா 2016இல் றம்ஸீனைக் கட்டினாள். றம்ஸீன் ஹாஜியாருடைய கடையிலேயே மிளகு மூட்டை ஏற்றி, லொறி ஓட்டியவர். ஹாஜியாரால் அதைத் தாங்க முடியவில்லை. ஆனாலும் மார்க்கத்துக்குப் பயந்தவர். நிக்காஹ்வுக்கு உட்கார்ந்து, தகப்பனாகக் கை பிடித்துக் கொடுத்தார். என் கடமை முடிந்தது என்று எழுந்து வந்தவர் அந்த வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை, மாமியையும் மிதிக்க விடவில்லை. ஜஸ்லா மட்டும் பெருநாளைக்கு வந்து போவாள். வாப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து வருவாள்.

2022இல், ஊரெல்லாம் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருசம், ஹாஜியார் நெஞ்சு வலியில் மௌத்தானார். ஜனாஸா வீட்டில் நான் பெண்கள் பக்கம் பிளேன்டீ கொடுத்துக்கொண்டு நின்றேன். ஜஸ்லா வந்தாள். அப்போது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அழுதுகொண்டு உம்மாவின் தோளைத் தொட்டாள். மாமி தலையை நிமிர்த்தி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"இப்ப வந்து என்னத்துக்கு அழுவுற? நீ குடுத்த வருத்தம்தான் ஒன்ட வாப்பாவ நெஞ்சில புடிச்சிச்சி."

நாற்பது பெண்களாவது இருந்திருப்பார்கள். ஜஸ்லா கையை எடுத்தாள். வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மையித்தை எடுக்கிற வரைக்கும் ஒரு மூலையில் இருந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போனாள்.

அந்த வார்த்தை பொய் என்பது மாமிக்குத் தெரியும். ஹாஜியாரின் இதயக் குழாய்கள் அடைபட்டிருப்பதை டாக்டர் ஏழெட்டு வருசத்துக்கு முன்பே, மகளுடைய கல்யாணப் பேச்சே எழாத காலத்தில், சொல்லியிருந்தார். சிகரெட்டை விடச் சொன்னார், அவர் விடவில்லை. மாமிக்கு அது அன்று ராத்திரியே ஞாபகம் வந்துவிட்டது. புருசனை இழந்தவர்களுக்கான இத்தாவில் நாலு மாதமும் பத்து நாளும் இருந்தார், வெளியே போக முடியாது. அது முடிந்தபோது ஜஸ்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பெருநாளைக்குப் பெருநாள் போனில் பேசிக்கொள்வார்கள். சுகமா, சுகம். பிள்ளை சுகமா, சுகம். அதோடு முடிந்தது. ஜஸ்லா வருவதில்லை. பேத்தியை மாமி போன் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறார்.

"போன்ல சொல்லிருங்களேன் மாமி" என்று நானே எத்தனையோ தடவை சொன்னேன். முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தையை முகத்துக்கு நேரேதான் திருப்பி எடுக்க வேண்டும் என்பார். சரி, நானும் கூட வருகிறேன் என்றால், ஆள் கூட்டிக்கொண்டு போனால் பஞ்சாயத்துப் பேசப் போன மாதிரி இருக்கும் என்பார். த்ரீவீல் பிடித்துப் போங்கள் என்றேன் ஒரு நாள், கோபமாகவே. அதற்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை.

"த்ரீவீல் வாசல்ல காத்துக்கிட்டு நிக்கும் புள்ள. நாலு சொல்லுப் பேசி, நெஞ்சு அடைச்சா, ஓடி வந்து ஏறிருவேன். என்னை எனக்குத் தெரியும். பஸ்ஸுல போனா அடுத்த பஸ் வாற வரைக்கும் அங்க இருக்கத்தானே வேணும்."

ஆகவே அவருக்குப் பஸ்தான் வேண்டும். பஸ்ஸோ வாசலிலேயே நிற்கிறது, ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. ஏறத்தான் முடியவில்லை. இரண்டு வருசத்துக்கு மேலாக அந்த வாங்கில் உட்கார்ந்து மற்றவர்களை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். இரத்தோட்டைப் பக்கம் போகிற ஒவ்வொரு பஸ்ஸின் பின்பக்கத்தையும் அது வளைவில் மறைகிற வரை அவர் பார்ப்பதை என் அறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். உடனே வெளியே போய் வேறு எதற்காவது அவரோடு சண்டை பிடிப்பேன்.

இந்த வருசம் நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை, ஒரு நாள் காலையில் மாமி கறுப்பு அபாயா போட்டு, கைப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டார். பஸ் நின்றது. அன்ஸாப் மரியாதையாக இறங்கி வழிவிட்டான். மாமி மிதிபலகையைப் பார்த்தார், அன்ஸாபைப் பார்த்தார், "சும்மாத்தான் நிக்கிறேன் மகன், நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பஸ்ஸுக்குள் இருந்த நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை. நான் வேலையில் இருந்த நேரம், பட்டப்பகலில், யாருக்கும் சொல்லாமல் மாமி பஸ் ஏறினார். சீட்டிலும் உட்கார்ந்தார். மகளுடைய வீட்டு வாசலில் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்திருக்கிறார். யோசிக்க யோசிக்க ஒன்றும் வரவில்லை. இரண்டாவது ஹோல்ட்டிலேயே இறங்கி, வெயிலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்திருக்கிறார். நான் சாயங்காலம் வந்து பார்த்தால் கால் வீங்கிக் கிடக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"வார்த்தை வரல்ல புள்ள" என்றார் கடைசியில். "அண்டைக்கு மட்டும் எவ்வளவு லேசா வந்திச்சி."

அவரை இறக்கிவிட்டது அன்ஸாபின் பஸ்தான். அடுத்த நாள் அவனைப் பிடித்து, இந்த விசயம் உன் வாயைவிட்டு வெளியே போகக் கூடாது என்று எச்சரித்தேன். மிஸ், என்னைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று நெஞ்சில் கைவைத்தான். நான் நினைத்தது சரிதான். அந்த ரூட்டுக்கு அவன்தான் தபால், அவன்தான் தந்தி. அன்றைக்கு மத்தியானமே ஜஸ்லாவின் வீட்டுக்கு முன்னால் பஸ் நின்றபோது, உம்மா பஸ்ஸில் ஏறி வந்ததையும், பாதியில் இறங்கியதையும், நொண்டி நொண்டித் திரும்பி நடந்ததையும் ஒன்று விடாமல் அவளிடம் ஒப்பித்துவிட்டான். இது எனக்கு அப்போது தெரியாது. மாமிக்கும் தெரியாது.

வியாழக்கிழமை போயா, பௌத்தர்களின் பௌர்ணமி நாள். நாட்டுக்கு லீவு, எங்கள் டிஸ்பென்சரிக்கு இல்லை. ஆறே முக்கால் பஸ்ஸுக்கு நான் வாசலுக்கு வந்தபோது மாமி ஏற்கனவே வாங்கில் உட்கார்ந்திருந்தார், அபாயாவோடும் கைப்பையோடும். இன்றைக்குப் போகாவிட்டால் இனி ஏலாமல் போய்விடும் என்றார். நீ எனக்குத் துணையாக வருவதாக நினைக்க வேண்டாம், நீ உன் வேலைக்குப் போகிறாய், நான் என் வேலைக்குப் போகிறேன் என்றும் சொன்னார். சரி என்றேன்.

பஸ் வந்தது. மிதிபலகை உயரம், அவருடைய கால் வளையவில்லை. அன்ஸாப் கை நீட்டினான், அந்நிய ஆணின் கையைப் பிடிக்க மாமி தயங்கினார். நான் பேசாமல் வாங்கை இழுத்து வந்து மிதிபலகையோடு சேர்த்துப் போட்டேன். அதில் ஏறி, அங்கிருந்து பஸ்ஸுக்குள் கால் வைத்தார். பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏறிய வேகத்தில் முதல் சீட்டில் போய் உட்கார்ந்தார். அது பிக்குமார்களுக்கு ஒதுக்கிய சீட். போயா நாள் வேறு. அன்ஸாப் பணிவாக எடுத்துச் சொல்லி, வலது பக்கம் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக உட்கார வைத்தான். நான் பின்னால் போய் நிற்காமல் அவருடைய சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் என்னைத் தெரியாத ஆள் போல இருக்கவில்லை.

இரண்டாவது ஹோல்ட் வந்தது. மாமி கைப்பையை இறுக்கிப் பிடித்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பஸ் நகர்ந்தது. அவர் இறங்கவில்லை.

அதன் பிறகு அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளைப் பார்த்தார், வாசல்களில் பாய் விரித்துக் காயவைத்த கிராம்பைப் பார்த்தார். முப்பத்தைந்து வருசம் மிளகு வியாபாரியோடு வாழ்ந்த மனுசி, கொடியில் மிளகை நின்று பார்த்ததே இல்லையாம். வேனில் போனால் எல்லாம் ஓடிப்போய்விடும் என்றார். நான் வெறுக்கிற அந்த உருட்டலும் நிற்பதும் நகர்வதும் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. நாலு வருசமாக இந்தப் பாதையில் நான் எதைத்தான் பார்த்தேன் என்று எனக்கு யோசனை வந்தது. மணிக்கூட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்த ரூட்டில் டிரைவர்மாருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மேலே போகிற பஸ்ஸும் கீழே வருகிற பஸ்ஸும் ஒடுக்கமான இடத்தில் சந்தித்தால், ஒன்றையொன்று உரசுகிற மாதிரி நிறுத்தி, ஜன்னலுக்கு ஜன்னல் இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டார்கள். எங்கே பொலிஸ் நிற்கிறது, எங்கே மரம் விழுந்திருக்கிறது, யார் வீட்டில் கல்யாணம். அன்றைக்கும் பலீல் நானா ஒரு வளைவு தாண்டி நிறுத்தினார். இரத்தோட்டையிலிருந்து வந்த பஸ் கொஞ்சம் தாண்டி உருண்டு, எங்கள் வலது பக்கம் ஒட்டி நின்றது. அவர்களுடைய ஜன்னல்களும் எங்களுடைய ஜன்னல்களும் கைக்கெட்டும் தூரம்.

மாமியின் ஜன்னலுக்கு நேரே ஒரு சின்னப் பெண் பிள்ளை பிஸ்கட் தின்றுகொண்டு இருந்தது. மாமி எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் சிரிப்பது போலச் சிரித்தார். குழந்தை பிஸ்கட்டை நீட்டிக் காட்டியது. பிறகுதான் மாமி அந்தக் குழந்தையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். கையிலிருந்து மேலே முகத்தைப் பார்த்தார்.

ஜஸ்லா. முழங்காலோடு உம்மா படுகிற பாட்டைக் கேட்டுவிட்டு, போயா லீவில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் புறப்பட்டிருக்கிறாள்.

அன்ஸாப் எனக்குப் பக்கத்தில் நின்று நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் செய்த வேலை இன்னதென்று எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. அவனைக் கொல்லவும் தோன்றியது, கும்பிடவும் தோன்றியது.

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு டிரைவர்களும் ஏதோ பேசிச் சிரித்து முடித்துவிட்டார்கள். பலீல் நானா கியரைப் போட்டார். இன்னும் ஒரு நொடியில் ஒரு பஸ் மேலேயும் ஒரு பஸ் கீழேயும் போய்விடும். பஸ் பிந்துகிறது என்று நாலு வருசமாகக் கத்துகிற நான், "நானா, எடுக்காதீங்க" என்று கத்தினேன்.

பலீல் நானா மறுபடி பிரேக்கை மிதித்தார். மாமி ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நாலு சுவருக்குள் தனியாகச் சொல்ல இரண்டரை வருசம் வார்த்தை தேடியவர், இரண்டு பஸ் ஆட்களுக்கு நடுவில் சொன்னார்.

"ஜஸ்லா, அண்டைக்கு நான் சொன்னது பொய். ஒன்ட வாப்பாட நெஞ்சு வருத்தம் எனக்கு முந்தியே தெரியும். எனக்கு ஆர் மேலயாச்சும் கோவப்படணும் போல இருந்திச்சி மகள். நீதான் கிட்ட நிண்ட."

ஜஸ்லா அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"கிட்ட நிக்கிற ஆளுக்குத்தானே உம்மா ஏசலாம்" என்றாள். "நீங்க எறங்க வேணாம். கால் ஏலாது. நான் வாறேன்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கி, அதற்கு முன்னாலும் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னாலுமாகச் சுற்றி வந்து எங்கள் பஸ்ஸில் ஏறினாள். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. யாரோ ஒரு தோட்டத்து அம்மா ஜன்னலால் தலையை நீட்டி, பொறுங்கடா என்று அதட்டினார். மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொல்லாமலே எழுந்து இடம் விட்டார். ஜஸ்லா குழந்தையை உம்மாவின் மடியில் வைத்தாள். மாமி குழந்தையின் தலையை மோந்து பார்த்தார். பிறகு மகளுடைய தலையையும் இழுத்து மோந்தார். நான் அழவில்லை என்று எழுதலாம், அன்ஸாப் சாட்சி சொல்லிவிடுவான். ஆகவே அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன்.

உம்மாட ஊட்டுக்குத் திரும்பிப் போவோமா என்று ஜஸ்லா மெதுவாகக் கேட்டாள். எதிர்ப் பஸ் இன்னும் போகவில்லை. மாமி வேண்டாம் என்று தலையாட்டினார். நான் புறப்பட்டது உன் வீட்டுக்கு, அங்கேதான் போக வேண்டும் என்றார்.

வழி முழுக்க ஜஸ்லா உம்மாவின் முழங்காலை அமத்திவிட்டுக்கொண்டே வந்தாள். குழந்தை மிச்சப் பிஸ்கட்டை மாமியின் அபாயாவில் தேய்த்தது. அதைத் தட்டிவிடக்கூட மாமிக்கு மனம் வரவில்லை.

அவர்களுடைய வீட்டுக்கு முன்னால் பஸ் நின்றபோது றம்ஸீன் வாசலில் லொறி கழுவிக்கொண்டிருந்தார். மாத்தளைக்கென்று புறப்பட்ட மனைவி அரை மணித்தியாலத்தில் மாமியாரோடு வந்து இறங்கினால் யார்தான் திகைக்க மாட்டார்? கையில் பிடித்த தண்ணீர்க் குழாய் அவருடைய காலையே நனைத்துக்கொண்டிருந்தது. ஸலாம் சொல்லவும் மறந்து நின்றார். மாமி வாசலை மிதித்து, ஒரு கையை மகளுடைய தோளில் ஊன்றி, அவர் முன்னால் போய் நின்றார். அன்ஸாப் மணியை அடிக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

"பசிக்குது மகன்" என்றார் மாமி. "காலையிலருந்து ஒண்டும் திங்கல்ல. ஊட்டுல என்ன இருக்கி?"

காலை ஆறு மணிக்கு என் கண் முன்னாலேயே அஞ்சு இடியப்பம் சாப்பிட்டவர் அவர். நான் வாயைத் திறக்கவில்லை. றம்ஸீன் குழாயைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.